கண்ணியமிக்க காயிதே மில்லத்

வியாபாரத்தில் லாபம் வருகிற வருஷத்தில் கூட்டுச் சேரப் பலர் வருவார்கள். நஷ்டம் வந்த வருஷத்தில் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து, கடையையும் மூடாமல் நடத்துகிறவரைத்தான் ஊரார் நாணயஸ்தர் என்று சொல்லுவார்கள். பொதுவாழ்வும் இப்படித்தான். கூட்டம் சேர்ந்தபோது முன்னால் நின்றவர்கள் அநேகர்; கூட்டம் கலைந்த பின்னும் அதே இடத்தில், அதே முகத்தோடு நின்றவர்கள் வெகு சிலரே. அந்தச் சிலரில் ஒருவர்தான் மர்ஹூம் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்.

காயிதே மில்லத் என்றால் சமுதாயத்தின் வழிகாட்டி என்று பொருள். இந்தப் பெயரைக் கேட்டிராத தமிழ் முஸ்லிம் குடும்பம் இருக்காது. ஆனால் இன்றைய நம் பிள்ளைகளில் பலர் அதை ஒரு கல்லூரியின் பெயராகவோ, ஊரில் ஒரு தெருவின் பெயராகவோ மட்டுமே அறிந்திருக்கிறார்கள். அவர் எந்தச் சபையில் இருந்தார், என்ன கேட்டார், எதில் தோற்றார், தோற்ற பிறகு என்ன செய்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தோல்வியைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது, வெறும் புகழ்ச்சியாகிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

பிறப்பும் படிப்பும்

இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1896-ம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மியாகான் ராவுத்தர் அவர்கள் மார்க்க அறிவும் வியாபாரமும் ஒருங்கே உடையவர். தென்காசி, கடையநல்லூர் முதலிய ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி வந்த நம்மவர்களுக்கு அன்றைய திருநெல்வேலி ஜில்லா புதிதல்ல. அந்த மண்ணில்தான் அவரும் வளர்ந்தார்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளை அவர். தாயாரின் பொறுப்பில் வளர்ந்து, குர்ஆன் ஓதவும் மார்க்கக் கடமைகளைப் பேணவும் வீட்டிலேயே கற்றுக்கொண்டார். பிறகு திருநெல்வேலியில் ஆங்கிலக் கல்வி. அதற்கு மேல் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரி, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி என்று படிப்பு தொடர்ந்தது. அந்தக் காலத்தில் நம் சமூகத்தில் இவ்வளவு தூரம் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு பட்டத்தை வாங்கிவிட்டால் சர்க்கார் உத்தியோகம் வீடு தேடி வரும்.

அந்தப் பட்டத்தை வாங்காமலேயே அவர் கல்லூரியை விட்டு வெளியே வந்தார். 1920-ல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை ஆரம்பித்தார். துருக்கி கலீபாவுக்கு நேர்ந்த நிலைமைக்காக நடந்த கிலாபத் கிளர்ச்சியும் அதோடு சேர்ந்துகொண்டது. நாடெங்கும் மாணவர்கள் கல்லூரிகளைத் துறந்தார்கள். இஸ்மாயில் சாஹிப் அவர்களும் பி.ஏ. பரீட்சையைப் புறக்கணித்தார். பிற்காலத்தில் அவரை நாட்டுப்பற்று இல்லாத கட்சிக்காரர் என்று ஏசியவர்கள் உண்டு. அப்படி ஏசியவர்களில் பலர் அந்த வருஷத்தில் தங்கள் பரீட்சையை ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

தோல் வியாபாரி

படிப்பை விட்டவர் பிழைப்புக்கு வியாபாரத்தைத் தேர்ந்துகொண்டார். அது தோல் வியாபாரம். அந்நாளில் தென்னாட்டுத் தோலுக்குச் சீமையிலே நல்ல மதிப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல்கள், சென்னைப் பெரியமேட்டு மண்டிகளில் சேர்ந்து, கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும். அந்தத் தொழிலில் முஸ்லிம்களின் கை ஓங்கியிருந்தது.

அதில் பெரும் புள்ளியாக விளங்கியவர் ஹாஜி ஜமால் முஹம்மது சாஹிப் அவர்கள். இந்திய வர்த்தக சங்கங்களின் சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தவர். 1931-ல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்கு வியாபாரிகளின் பிரதிநிதியாகச் சென்றவர். தம் செல்வத்தைக் கல்விக்காக அள்ளிக் கொடுத்தவர். இஸ்மாயில் சாஹிப் அவர்கள் அந்தக் குடும்பத்திலே பெண் எடுத்து, அவர்கள் ஸ்தாபனத்தில் தொழில் கற்று, பின் தாமும் தோல் வர்த்தகத்தில் பெயர் பெற்றார். சென்னை வர்த்தக சங்கங்களில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டாயிற்று.

தோல் வியாபாரம் பொறுமையைக் கற்பிக்கும். விலை லண்டனில் ஏறும், இறங்கும். இங்கே சரக்கு மண்டியில் கிடக்கும். 1930-ம் வருஷத்தை ஒட்டி வந்த உலக மந்தத்தில் எத்தனையோ பெரிய கைகள் விழுந்தன. இன்று விலை இல்லை என்பதற்காகச் சரக்கைத் தெருவில் எறிந்துவிட்டுப் போகிறவன் வியாபாரி அல்ல. இந்தப் பாடத்தை அவர் அரசியலுக்கும் கொண்டு போனார் என்றே நாம் நினைக்கிறோம். நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு அவர் நெருக்கமாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம்.

எதிர்க்கட்சி ஆசனம்

அன்றைய மதராஸ் மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாடு மாத்திரம் அல்ல. கடற்கரை ஆந்திரமும் ராயலசீமையும், மேற்கே மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்த பெரும் பிரதேசம் அது. அதில் முஸ்லிம்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான் இருந்தார்கள். தமிழ் பேசும் ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, மலையாளம் பேசும் மாப்பிள்ளைமார், உருது பேசும் தக்கினி மக்கள் என்று அவர்களுக்குள்ளும் பல பிரிவு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு தலைவர் அமைவது சுலபமான காரியம் அல்ல.

தமிழ் முஸ்லிம் அரசியலுக்கு என்று தனி வழி ஒன்று அப்போதே இருந்தது. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, சட்டசபையில் இருந்த முஸ்லிம் லீக் அங்கத்தினர் திருச்சி கலிபுல்லா சாஹிப் அவர்கள், தாம் ஒரு ராவுத்தர், தமக்குத் தாய்மொழி தமிழ் என்று எழுந்து நின்று எதிர்த்தார். முஸ்லிம் என்றால் உருதுக்காரர் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது ஒரு பாடமாக அமைந்தது. இந்த வழியில்தான் பின்னாளில் இஸ்மாயில் சாஹிப் அவர்களும் நடந்தார்.

1945-ல் அவர் மாகாண முஸ்லிம் லீக்கின் தலைவரானார். மறு வருஷம் பொதுத் தேர்தல். அப்போது தனித்தொகுதி முறை நடைமுறையில் இருந்தது. அதாவது, முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியில் முஸ்லிம் வாக்காளர் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். 1909-ம் வருஷச் சீர்திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது. எல்லோருக்கும் வாக்குரிமை கிடையாது. வரி கட்டுகிறவர், படித்தவர், சொத்துள்ளவர் என்ற தகுதி உள்ளவர்களுக்கே உண்டு. 1946 தேர்தலில் மதராஸ் மாகாணத்து முஸ்லிம் தொகுதிகள் அத்தனையையும் லீக் கைப்பற்றியது. 215 பேர் கொண்ட சட்டசபையில் காங்கிரசுக்கு 160-க்கு மேல். அதற்கு அடுத்த கட்சி, முப்பதுக்குச் சற்றுக் குறைவான அங்கத்தினர்களோடு, முஸ்லிம் லீக். ஆகவே எதிர்க்கட்சித் தலைவர் ஆசனம் இஸ்மாயில் சாஹிப் அவர்களுக்கு வந்தது. 1952 வரை அவரே அந்த ஆசனத்தில் இருந்தார்.

இந்த ஆறு வருஷத்தில் மாகாணத்துக்கு மூன்று முதன்மந்திரிகள் மாறினார்கள். பிரகாசம் பந்துலு, பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், பிறகு குமாரசாமி ராஜா. எதிர் வரிசையில் மட்டும் தலைவர் மாறவில்லை. ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல் வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. மாகாணம் முழுவதும் மதுவிலக்கும் அதே வருஷத்தில் வந்தது. யுத்தம் முடிந்தும் அரிசிக்கும் துணிக்கும் பங்கீடு தீரவில்லை. வியாபாரிகள் தலையில் 1939-ல் விழுந்த விற்பனை வரியும் நீங்கவில்லை. இப்படிப்பட்ட கனமான விஷயங்கள் நிறைந்த சபை அது.

ஐந்தில் நான்கு பங்குக்குச் சமீபமாக ஆளும் கட்சி இருக்கும் சபையில் எதிர்க்கட்சியின் கை எவ்வளவு நீளும் என்று கேட்கலாம். வாக்கெடுப்பில் ஜெயிக்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். ஆனால் கேள்வி கேட்கலாம். மசோதாவில் திருத்தம் கொடுக்கலாம். வரவு செலவுத் திட்டத்தில் குறை காட்டலாம். வெளியே சொல்ல முடியாதவனின் குறையை உள்ளே சொல்லலாம். இதைச் சத்தம் போடாமல், நிதானம் தவறாமல், எதிரியும் மறுக்க முடியாத மரியாதையோடு செய்தவர் என்றுதான் அவரைப் பற்றி மாற்றுக் கட்சியாரும் சொல்லி வந்தார்கள். கண்ணியம் என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்கு இந்த நடத்தையே காரணம்.

கடையை மூடச் சொன்ன காலம்

1947 ஆகஸ்டில் நாடு இரண்டாயிற்று. வடக்கே ரத்த ஆறு ஓடியது. தெற்கே, அல்லாஹ்வின் கிருபையால், அப்படிப்பட்ட கலவரம் நிகழவில்லை. அக்கம்பக்கத்தார் ஒரே மொழி பேசினார்கள். ஒருவர் கடையில் ஒருவர் சாமான் வாங்கினார்கள். அந்த உறவு அறுந்துவிடவில்லை. என்றாலும் சந்தேகப் பார்வை இருந்தது. பாகிஸ்தான் கேட்ட கட்சிக்கு இனி இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பெரிய தலைவர்களும் இருந்தார்கள்.

அந்த வருஷம் டிசம்பரில் கராச்சியில் அகில இந்திய முஸ்லிம் லீக்கின் கவுன்சில் கூடியது. இனி ஒரே லீக் இரு நாட்டுக்கும் இருக்க முடியாது, பாகிஸ்தானுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என்று பிரிவது என முடிவாயிற்று. இந்தியப் பகுதிக்குக் கூட்டம் கூட்டும் பொறுப்பு இஸ்மாயில் சாஹிப் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே டிசம்பரில் லக்னோவில் மௌலானா ஆசாத் அவர்கள் ஒரு பெரிய மகாநாடு கூட்டி, முஸ்லிம்கள் தனிக்கட்சியைக் கலைத்துவிட வேண்டும் என்று யோசனை சொன்னார்கள். வடநாட்டு மாகாணங்கள் பலவற்றில் சட்டசபை லீக் கட்சிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கலைந்தன. நேற்று வரை லீக் மேடையில் முழங்கியவர்கள் பலர் ஊரை விட்டுக் கராச்சிக்கும் டாக்காவுக்கும் போனார்கள். சிலர் ஆளும் கட்சிக்குப் போனார்கள். சிலர் வீட்டுக்குள்ளே போனார்கள்.

இஸ்மாயில் சாஹிப் அவர்களுக்கும் போகப் பல வழிகள் திறந்தே இருந்தன. ஆளும் கட்சியில் சேர்ந்திருக்கலாம். பெரிய தோல் வியாபாரி ஆகையால் அரசியலே வேண்டாம் என்று வியாபாரத்தோடு இருந்திருக்கலாம். அவர் ஒன்றையும் செய்யவில்லை. 1948 மார்ச் 10-ந் தேதி, பிற்காலத்தில் ராஜாஜி மண்டபம் என்று பெயர் பெற்ற சென்னை மண்டபத்தில், கவுன்சிலைக் கூட்டினார். வந்தவர்கள் கொஞ்சம் பேர். கலைத்துவிடலாம் என்ற பேச்சும் அங்கே எழாமல் இல்லை. முடிவில், ஸ்தாபனத்தைக் கலைப்பதில்லை, புதிய நாட்டில் அதன் சட்டத்துக்கு உட்பட்டு முஸ்லிம்களின் மார்க்கம், கல்வி, பொருளாதாரம் ஆகிய காரியங்களைக் கவனிப்பது என்று தீர்மானித்தார்கள். அவரே தலைவரானார். 1951-ல் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரும் புதிய சட்டதிட்டமும் ஏற்பட்டன.

இதில் அவர் எண்ணம் என்ன என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். பெயரை மறைத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் உட்காருவதைவிட, சொந்தப் பெயர்ப் பலகையை வெளியே மாட்டி, பகிரங்கமாக, சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதே நாட்டுக்கும் நல்லது, சமூகத்துக்கும் நல்லது என்பதே அது. ஒளிந்து செய்கிற காரியத்தைத்தான் சர்க்கார் சந்தேகிக்க வேண்டும். வெளிப்படையாகக் கணக்குக் காட்டுகிறவனைச் சந்தேகிக்க முகாந்திரம் இல்லை.

அரசியல் நிர்ணய சபையில்

1948-ல் அவர் டில்லியில் அரசியல் நிர்ணய சபைக்கும் அங்கத்தினராகச் சென்றார். அங்கே அவர் கேட்ட மூன்று விஷயங்கள் முக்கியமானவை.

முதலாவது, ஷரீஅத் என்னும் தனிச்சட்டம். நாடு முழுமைக்கும் ஒரே சிவில் சட்டம் வர முயல வேண்டும் என்ற விதி 1948 நவம்பர் 23-ந் தேதி விவாதத்துக்கு வந்தது. எந்த ஒரு சமூகத்தாரும் தங்கள் சொந்தச் சட்டத்தைக் கைவிடும்படி நிர்ப்பந்திக்கப்படக் கூடாது என்று அவர் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். திருமணம், தலாக், வாரிசுரிமை முதலியவை முஸ்லிமுக்கு மார்க்கத்தின் பகுதி என்று எடுத்துச் சொன்னார். மதராஸைச் சேர்ந்த போக்கர் சாஹிப், மஹ்பூப் அலி பேக் ஆகியோரும் அவருக்குத் துணை நின்றார்கள். டாக்டர் அம்பேத்கர் அவர்கள் பதில் சொல்லும்போது, மக்கள் விருப்பத்துக்கு மாறாக உடனே திணித்துவிடும் எண்ணம் இல்லை என்ற வகையில் ஓர் ஆறுதல் கொடுத்தார். ஆனால் திருத்தம் தோற்றது. அந்த விதி கட்டளை அல்லாத வழிகாட்டும் கோட்பாடாக, 44-வது ஷரத்தாக நின்றது. இன்று வரை இந்தியாவில் ஓயாமல் விவாதிக்கப்படும் விஷயம் இது. அந்த விவாதத்தின் முதல் நாளில் எழுந்து பேசியவர்களில் நம் பேட்டைக்காரரும் ஒருவர்.

இரண்டாவது, தனித்தொகுதி. 1949 மே மாதத்தில், சிறுபான்மைச் சமயத்தாருக்குச் சட்டசபைகளில் இடம் ஒதுக்குவதும் வேண்டாம் என்று சபை முடிவுக்கு வந்தது. தனித்தொகுதி நீடிக்க வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் அவர்கள் திருத்தம் கொடுத்தார். சர்தார் பட்டேல் அவர்கள் கடுமையாக எதிர்த்தார். சபையில் இருந்த முஸ்லிம்களிலேயே பலர், பேகம் அய்ஜாஸ் ரசூல் அம்மையார் உட்பட, அவருக்கு எதிராகவே பேசினார்கள். அவர் கேட்டது சரியா, அவர்கள் சொன்னது சரியா என்பதில் அன்றும் இரண்டு அபிப்பிராயம் இருந்தது, இன்றும் இருக்கலாம். நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சபை முழுதும் ஒரு பக்கமாக இருக்கும்போது, கோபப்படாமல் எழுந்து, தாம் சரி என்று நம்பியதைச் சொல்லி, வாக்கெடுப்பில் தோற்று, தோல்வியை ஏற்று அமர்ந்தார். அதே சட்டத்துக்குப் பிறகு கட்டுப்பட்டு நடந்தார். அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, மொழி. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி எது என்ற விவாதம் நடந்தது. இந்திக்கு ஆதரவாளர்கள் அதிகம். காந்தியடிகள் விரும்பியபடி, இரண்டு எழுத்திலும் எழுதப்படும் ஹிந்துஸ்தானி பற்றியும் அவர் பேசினார். ஆனால் ஒரு மொழியின் பழமையும் இலக்கிய வளமும்தான் தகுதி என்றால், அந்தத் தகுதி தமிழுக்கே முதலில் உண்டு என்பதையும் அந்தச் சபையில் எடுத்துரைத்தார். வடநாட்டில் முஸ்லிம் தலைவர் என்றால் உருதுக்காகப் பேசுவார் என்று எதிர்பார்ப்பார்கள். தாய்மொழி தமிழ் என்று சொன்ன அந்த முஸ்லிம் தலைவரைக் கண்டு ஆச்சரியப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். சபை அதையும் ஏற்கவில்லை. இந்தியே ஆட்சிமொழி, 15 வருஷத்துக்கு ஆங்கிலமும் இருக்கும் என்று முடிவாயிற்று. அந்தப் 15 வருஷம் 1965 ஜனவரியில் தீர்ந்தபோது தமிழ்நாடு எப்படிக் கொதித்தது என்பதை வரலாறு அறியும். 1949-ல் சொன்னவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

மூன்று வழக்கிலும் தோல்வி. ஆனாலும் மூன்றும் பதிவேட்டில் இருக்கின்றன. கணக்கில் எழுதி வைத்த பாக்கியை ஒருநாள் வந்து கேட்கலாம். எழுதாமல் விட்டதைக் கேட்க முடியாது.

ஐந்து ஆசனத்திலிருந்து மஞ்சேரி வரை

1952-ல் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் முதல் பொதுத் தேர்தல் வந்தது. தனித்தொகுதி போய்விட்டது. மதராஸ் சட்டசபையின் 375 இடங்களில் லீக் பெற்றவை 5. அந்த ஐந்தும் மலபாரில். ஒரு காலத்தில் எதிர்க்கட்சி வரிசை முழுவதையும் நிரப்பிய கட்சி ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் அளவுக்குச் சுருங்கியது. அதே வருஷம் இஸ்மாயில் சாஹிப் அவர்கள் ராஜ்ய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டசபை அங்கத்தினர்கள் வாக்களித்து அனுப்பும் சபை அது. ஐந்து வாக்கு அதற்குப் போதாது. மாற்றுக் கட்சியினரும் அவரை நம்பி வாக்களித்தார்கள் என்றுதான் பொருள்.

1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. சென்னைச் சட்டசபையில் லீக்குக்கு இருந்த இடங்களும் அதோடு போயின. 1958-ல் ராஜ்ய சபைக் காலமும் முடிந்தது. அடுத்த நான்கு வருஷம் அவருக்கு எந்தச் சபையிலும் ஆசனம் இல்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வெடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. அவரோ ஊர் ஊராகச் சுற்றி, கிளைகளைப் புதுப்பித்து, கல்வி ஸ்தாபனங்களுக்குத் தூண்டுகோலாக இருந்தார். திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும், சென்னையில் புதுக்கல்லூரியும் 1951-ல் எழுந்தவை. அரசியலில் இடம் குறைந்த காலத்தில் சமூகம் கல்வியில் இடம் தேடிக்கொண்டது என்பதற்கு இவை சாட்சி.

கேரளத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1960 தேர்தலில் காங்கிரசும் பிரஜா சோஷலிஸ்டுகளும் லீக்கின் துணையோடு கம்யூனிஸ்டுகளைத் தோற்கடித்தார்கள். லீக்குக்கு 11 இடம் கிடைத்தது. துணை வேண்டியபோது கை நீட்டிய காங்கிரஸ், மந்திரி பதவி என்று வந்தபோது கையை மடக்கிக்கொண்டது. சபாநாயகர் பதவி மட்டும் சீதி சாஹிப் அவர்களுக்குக் கிடைத்தது. 1961-ல் அவர் காலமானபின் சி.எச். முஹம்மது கோயா அவர்கள் அந்த இடத்துக்கு வர, லீக்கிலிருந்து விலகினால்தான் ஆயிற்று என்றார்கள். அந்த வருஷ முடிவுக்குள்ளேயே கோயா அவர்கள் பதவியைத் துறந்தார்; உறவும் முறிந்தது.

அடுத்த வருஷம், 1962-ல், லீக் தனித்து நின்றது. மலபாரின் மஞ்சேரி தொகுதியில் இஸ்மாயில் சாஹிப் அவர்களும், கோழிக்கோட்டில் கோயா அவர்களும் லோக் சபைக்கு ஜெயித்தார்கள். மஞ்சேரி மக்கள் பேசுவது மலையாளம். இவரோ திருநெல்வேலித் தமிழர். அந்த மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரையே அனுப்பினார்கள். மொழி வேறு, ஊர் வேறு என்று அவர்கள் பார்க்கவில்லை. 1948-ல் ஓடிப்போகாமல் நின்றவர் யார் என்று பார்த்தார்கள்.

அதே 1962-ல் சீனப்படை எல்லை தாண்டி வந்தது. தம் ஒரே மகனை ராணுவத்துக்கு அனுப்பத் தயார் என்று அவர் அறிவித்தார். நாட்டுப்பற்றைப் பற்றி அவரிடம் வினவியவர்களுக்கு அதற்கு மேல் பதில் தேவைப்படவில்லை.

கூட்டணிக் காலம்

1967 தேர்தல் தென்னாட்டு அரசியலைப் புரட்டிப் போட்டது. தமிழகத்தில் அறிஞர் அண்ணா அவர்களின் தி.மு.கழகம், ராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதலியவற்றோடு முஸ்லிம் லீக்கும் கூட்டுச் சேர்ந்தது. மொழிப் பிரச்சினையில் ஒத்த கருத்தும், அண்ணாவுக்கும் இஸ்மாயில் சாஹிப் அவர்களுக்கும் இருந்த பரஸ்பர மரியாதையும் அந்தக் கூட்டுக்கு அஸ்திவாரம். 20 வருஷ காங்கிரஸ் ஆட்சி முடிந்து, மார்ச் 6-ந் தேதி அண்ணா முதல்வரானார். லீக்குக்கு 3 இடம். பத்து வருஷத்துக்கு மேல் ஓர் ஆசனமும் இல்லாமல் இருந்த சபையில் லீக்கின் குரல் மீண்டும் கேட்டது.

கேரளத்தில் அதே 1967-ல் லீக் மந்திரிசபையிலும் இடம் பெற்றது. கோயா அவர்கள் கல்வி மந்திரியானார். 1968-ல் கோழிக்கோடு சர்வகலாசாலையும், 1969 ஜூன் 16-ந் தேதி மலப்புறம் ஜில்லாவும் ஏற்பட்டன. கலைத்துவிடு என்று 1948-ல் சொல்லப்பட்ட ஸ்தாபனத்தால், 20 வருஷம் கழித்து ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசல் திறந்தது. தலைவரோ எந்த மந்திரி பதவியிலும் அமரவில்லை. பதவி தம்மவர்களுக்கு, உழைப்பு தமக்கு என்று இருந்தார்.

சென்னைக்கு அடுத்த குரோம்பேட்டையில் அவர் வசித்தார். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது. தோல் வியாபாரிக்குப் பொருத்தமான இடம். செல்வம் சேர்க்கிற தொழிலில் இருந்தும் எளிய உடை, எளிய வாழ்வு, தவறாத தொழுகை என்று வாழ்ந்தார். பொதுவாழ்வைத் தம் கல்லாவை நிரப்பும் வழியாக அவர் ஆக்கிக்கொண்டதாக எதிரிகூடச் சொன்னதில்லை.

1972 ஏப்ரல் 5-ந் தேதி, தம் 75-வது வயதில், லோக் சபை அங்கத்தினராக இருக்கும்போதே அவர் வபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிவூன். முதல்வர் கருணாநிதி அவர்களும், தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியார் ஈ.வெ.ரா. அவர்களும் நேரில் வந்து இறுதி மரியாதை செலுத்தினார்கள். கடவுள் இல்லை என்றவரும் கண்ணீரோடு வந்து நின்ற ஜனாஸா அது. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவரை நல்லடக்கம் செய்தார்கள். 1974-ல் சென்னையில் ஏற்பட்ட அரசினர் பெண்கள் கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1996-ல் நூற்றாண்டு நினைவாக இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது.

நமக்கு என்ன?

வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் நமக்கு இந்த வரலாறு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாமும் இங்கே எண்ணிக்கையில் சிறியவர்கள். முஸ்லிம்களுக்குள் தமிழர்களாகவும், தமிழர்களுக்குள் முஸ்லிம்களாகவும் இருக்கிறோம். இரண்டில் ஒன்றை விட்டால் சௌகரியம் என்று நினைக்கிற வாலிபர்கள் நம்மிடமும் உண்டு. ஒரு பிள்ளை தமிழை விட்டுவிடுகிறான். இன்னொரு பிள்ளை பள்ளிவாசலை விட்டுவிடுகிறான். இஸ்மாயில் சாஹிப் அவர்கள் இரண்டையும் விடவில்லை. வாழ்கிற நாட்டுக்கு விசுவாசம், மார்க்கத்தில் உறுதி, தாய்மொழியில் பற்று ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கலாம், ஒன்றை ஒன்று தின்றுவிடாது என்று வாழ்ந்து காட்டினார்.

நம் சங்கங்களிலும் ஜமாஅத்துகளிலும் கூட்டத்துக்கு ஆள் வராத காலம் உண்டு. தேர்தலில் தோற்றவுடன் சந்தாவை நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு. சபையே எதிர்த்தபோதும் தம் சொல்லைச் சொல்லி, தோற்றால் கோபிக்காமல் மறுநாளும் அதே சபைக்கு வந்த ஒரு தோல் வியாபாரியை அப்போதெல்லாம் நாம் நினைத்துக்கொள்வது நல்லது. அமானத்தாகக் கையில் வந்த பொறுப்பை, லாபம் இல்லாத நாளிலும் குறையாமல் திருப்பிக் கொடுப்பதே நாணயம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, கப்ரை ஒளியாக்கி, உயர்ந்த சுவர்க்கத்தை வழங்குவானாக. அவர் விட்டுச் சென்ற கண்ணியத்தில் ஒரு பங்கை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.